அரசறிவியல் தொடங்கிறவைக்கு: வரைவிலக்கணத்தை விடுங்கோ, அது உடைஞ்ச நாளைத் தேடுங்கோ

அரசு எண்டால் என்ன எண்டு கேட்டால் நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறைமை (கடைசி முடிவெடுக்கிற உச்ச அதிகாரம்) எண்டு நாலையும் மூச்சு விடாம ஒப்புவிக்கிற பிள்ளையள் வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எந்த ரியூசன் கிளாசிலயும் இருக்கினம். அதே பிள்ளையிட்ட, சரி, 2022 ஜூலை 9ஆம் திகதி கோட்டையில ஜனாதிபதி மாளிகைக்குள்ள பொருளாதார நெருக்கடியால கொதிச்ச சனம் போய் நீச்சல் தடாகத்தில குளிச்சுக்கொண்டு நிண்ட நேரம் இலங்கை எண்ட அரசு இருந்ததோ இல்லையோ எண்டு கேட்டுப்பாருங்கோ, முழி பிதுங்கும். பிள்ளையில பிழை இல்லை. நாங்கள் இந்தப் பாடத்தை வரைவிலக்கணமா படிப்பிக்கிறம், அது ஒரு காலமும் மண்டையில நிக்காது.

நான் சொல்ற வழி இதுதான். எந்த ஒரு எண்ணக்கரு வந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்கோ. ஒண்டு, இதைச் சொன்ன ஆள் ஆரோட சண்டை பிடிக்க இதைச் சொன்னவர். ரெண்டு, எங்கட நாட்டில இது எந்த நாளில உடைஞ்சது. நல்லா ஓடுற வரைக்கும் எந்த எண்ணக்கருவும் கண்ணுக்குத் தெரியாது, ஓடாம நிண்ட அண்டைக்குத்தான் அதுக்குள்ள என்னென்ன இருந்தது எண்டு வெளிய தெரியும், மீட்டர் பெட்டியில பியூஸ் போற அண்டைக்கு மட்டும் வயரிங்கைப் பற்றி யோசிக்கிற மாதிரி. இந்த விசயத்தில இலங்கையில படிக்கிறவைக்கு குறையே இல்லை, உடைஞ்ச நாளுகள் எங்களிட்ட தாராளமா இருக்கு.

தேவையான சாமான் கொஞ்சம்தான். ஒரு கொப்பி. 1978 அரசியலமைப்பின்ர தமிழ்ப் பிரதி, பாராளுமன்ற இணையத்தளத்தில சும்மா டவுன்லோட் பண்ணலாம், காசு குடுத்து வாங்கத் தேவையில்லை. தேர்தல் ஆணைக்குழு போடுற முடிவுகள். பிறகு ஒரு தமிழ்ப் பேப்பர், வீரகேசரியோ தினக்குரலோ எதெண்டாலும் பரவாயில்லை. ரியூட்டை, அதுதான் கிளாசில குடுக்கிற அச்சு நோட்ஸை, எறியச் சொல்லேல்ல, ஆனா ரியூட்டை முதல்ல வாசிக்காதீங்கோ, சம்பவத்தை முதல்ல வாசிச்சுப்போட்டு ரியூட்டுக்கு வாங்கோ. புத்தகம் வேணுமெண்டால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு, விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில பொது நூலகம் இருக்கு, ரெண்டிலயும் ஃபேன் காத்து சும்மா.

அரசு, அரசாங்கம், பிறகு சனத்தின்ர ஏற்பு

இதில நேரம் செலவழியுங்கோ, இது விளங்காட்டி மிச்சம் ஒண்டும் நிக்காது.

அந்த நாலு மூலக்கூறு எங்க இருந்து வந்தது எண்டு பாத்தீங்களோ? 1933இல மொன்டிவிடியோ எண்ட ஊரில ஒரு உடன்படிக்கை எழுதினவை, அதில நிரந்தரமான மக்கள், வரையறுத்த நிலம், ஒரு அரசாங்கம், மற்ற அரசுகளோட உறவு வைக்கிற தகுதி எண்டு இருக்கு. எங்கட புத்தகங்களில கடைசியா வாறதை இறைமை எண்டு மாத்திப் போட்டிருப்பினம். இது சட்டக்காரர்ட பட்டியல். இதுக்கு முதலே, 1919இல, மக்ஸ் வெபர் வேறொரு பக்கத்தால வந்து சொல்றார், ஒரு நிலப்பரப்புக்குள்ள முறையான பலாத்காரத்தை (ஆயுத பலத்தை, உடல் பலத்தை) பாவிக்கிற உரிமை எங்களுக்கு மட்டும்தான் எண்டு கோரி அதில வெற்றியும் காணுற அமைப்புத்தான் அரசு எண்டு. முதலாம் உலகப்போர் தோத்துப்போய், தெருவில ஆளாளுக்கு துவக்கோட திரிஞ்ச ஜேர்மனியில நிண்டு பேசின பேச்சு அது. அந்தப் பின்னணி தெரிஞ்சால் ஏன் பலாத்காரத்தைப் பிடிச்சவர் எண்டு தானா விளங்கும்.

இப்ப ரெண்டையும் எங்கட இடத்தில வைச்சுப் பாருங்கோ. 2009 வரைக்கும் வன்னியில புலிகளிட்ட பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி எடுத்தவை. அதே வன்னியில கச்சேரியும் (அரசின்ர மாவட்டச் செயலகம்) இயங்கினது, ஆசிரியர்மாருக்கு கொழும்பில இருந்துதான் சம்பளம் போனது. வெபர்ட கண்ணால பாத்தால் அந்த நிலத்தில அரசின்ர ஏகபோகம் உடைஞ்சுபோச்சு. மொன்டிவிடியோ கண்ணால பாத்தால் வெளிநாடு ஒண்டும் அங்கீகரிக்கேல்ல, இலங்கை ஒரே அரசுதான். ஒரே இடம், ரெண்டு விடை. இதில எது சரி எண்டு அவசரமா முடிவெடுக்காம ரெண்டு கோட்பாடும் எதை எதைப் பாக்குது, எதை எதை விடுது எண்டு எழுதப் பழகினால், அந்தக் கேள்வியில முக்கால்வாசி புள்ளி வந்திட்டுது.

அடுத்தது அரசாங்கம். அது அரசை கொஞ்சக் காலத்துக்கு ஓட்ட வாறவை. ஜூலை 9க்குப் பிறகு ஜனாதிபதி நாட்டிலயே இல்லை, ஆனா கையில இருந்த நோட்டு செல்லும், பதிவுக் கந்தோரில குடுத்த பிறப்புச் சான்றிதழ் செல்லும், வெளிநாட்டுக் கடன் அப்பிடியே எங்கட தலையில. ஆள் போவார், கடன் போகாது. அரசும் அரசாங்கமும் வேற வேற எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூண்டாவதுதான் கனபேர் விடுற இடம், லெஜிடிமசி. சட்டப்படி பதவியில இருக்கிறது ஒண்டு, இவருக்கு எங்களை ஆள உரிமை இருக்கு எண்டு சனம் ஏத்துக்கொள்றது இன்னொண்டு. 2019 நவம்பரில கோட்டாபய 69 இலட்சம் வாக்கு எடுத்து வந்தவர், 52 வீதத்துக்கு மேல, முதல் சுற்றிலயே. 2022 ஜூலை 14ஆம் திகதி சிங்கப்பூரில இருந்து இராஜினாமா அனுப்புற வரைக்கும் சட்டப்படி அவர்தான் ஜனாதிபதி. ஆனா ஏப்பிரலில காலிமுகத்திடலில கூடாரம் அடிச்ச நாளில இருந்து அந்த 69 இலட்சம் காத்தில கரைஞ்சுகொண்டு வந்தது. பிறகு வந்தவர் ரணில். 2020 தேர்தலில அவற்ற கட்சிக்கு நாடு முழுக்கச் சேர்த்து தேசியப் பட்டியலில ஒரேயொரு ஆசனம், அதில வந்த ஒருத்தர் ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றத்தில 134 வாக்கோட ஜனாதிபதி ஆகினார். அரசியலமைப்புப்படி ஒரு சொட்டுப் பிழை இல்லை. சனத்தின்ர ஆணை இருந்ததோ எண்டு கேட்டால் அது வேற கதை. இன்னொரு பக்கம், பெற்றோல் கியூ குறைஞ்ச உடன கனபேர் அவரை ஏத்துக்கொண்டதும் உண்மை, அப்ப லெஜிடிமசி வாக்கால மட்டும்தான் வருமோ, வேலை செய்து காட்டினாலும் வருமோ? வெபர் மூண்டு வழி சொல்றார், மரபால, ஆளின்ர கவர்ச்சியால, சட்டத்தால. நாலாவதா ஒண்டு சேர்க்கலாமோ எண்டு நீங்களே எழுதிப்பாருங்கோ.

ஒருநாள் பின்னேரம் நேரம் இருந்தால் காலிமுகத்திடலுக்குப் போங்கோ. இஸ்ஸோ வடை சாப்பிடுங்கோ, அது கட்டாயம். சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தூண் வைச்ச பழைய பாராளுமன்றக் கட்டடத்தைப் பாருங்கோ, 1930இல திறந்தது. பிரித்தானியர் காலத்து டொனமூர் யாப்பின்ர (யாப்பு எண்டால் அரசியலமைப்பு) அரசாங்க சபை அதுக்குள்ள, அதுக்குப் பிறகு வந்த சோல்பரி யாப்பின்ர பாராளுமன்றம் அதுக்குள்ள, 1972 குடியரசு யாப்பு வந்த பிறகு தேசிய அரசுப் பேரவை அதுக்குள்ள, 1982இல கோட்டேக்கு, அதாவது ஸ்ரீ ஜயவர்தனபுரத்துக்கு, போற வரைக்கும். பிறகு ஜனாதிபதி செயலகம். அதின்ர வாசலிலதான் 2022 போராட்டம். சிலபஸ்ஸில பாதி அந்த ஒரு கட்டடத்துக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கு.

அதிகாரம்: ஆர் வெண்டது எண்டு மட்டும் பாக்காதீங்கோ

ரொபேர்ட் டால் 1957இல சொன்னது சிம்பிள். நான் சொல்லாட்டி நீங்கள் செய்திருக்க மாட்டாத ஒண்டை உங்களைக் கொண்டு செய்விச்சால் எனக்கு உங்கள் மேல அதிகாரம் இருக்கு. இதைப் பாக்கிறது சுகம், முடிவெடுக்கிற இடத்தில ஆர்ட சொல்லு நடந்தது எண்டு எண்ணலாம். 1962இல பக்ராக், பரட்ஸ் எண்டு ரெண்டு பேர் வந்து, நில்லுங்கோ, மேசைக்கு வந்த விசயத்தைத்தானே எண்ணுறீங்கள், மேசைக்கு வராம தடுத்த விசயத்தை ஆர் எண்ணுறது எண்டு கேட்டினம். முடிவெடுக்காம வைச்சிருக்கிறதும் அதிகாரம்தான்.

இதுக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போகத் தேவையில்லை. மாகாண சபையைப் பாருங்கோ. 1987இல 13ஆம் திருத்தத்தால வந்தது. 2017இல தேர்தல் முறையை மாத்தினவை, மாத்தினால் எல்லை நிர்ணயம் வேணும், அந்த அறிக்கை 2018இல பாராளுமன்றத்தில தோத்தது, பழைய முறையும் இல்லை புது முறையும் இல்லை. 2019ஓட கடைசிச் சபையின்ர காலமும் முடிஞ்சு, அதுக்குப் பிறகு வருசக்கணக்கா ஆளுநர்மார்தான். மாகாண சபையை ஒழிக்கிறம் எண்டு ஒருத்தரும் சட்டம் கொண்டுவரேல்ல, அதுக்கு எதிரா வாக்களிக்க ஒருத்தருக்கும் சந்தர்ப்பமும் வரேல்ல. டால்ட அளவுகோலால பாத்தால் இங்க ஒண்டுமே நடக்கேல்ல!

1974இல ஸ்டீவன் லூக்ஸ் மூண்டாவது முகத்தைச் சேர்த்தார், சனம் ஒண்டை விரும்பாத மாதிரியே, கேக்க வேணும் எண்டு தோன்றாத மாதிரியே ஆக்கிறது. இதை நிரூபிக்கிறது கஸ்டம், சொதப்பவும் லேசு, ஏனெண்டால் எல்லாரும் ஏமாந்திருக்கினம் நான் மட்டும் தெளிஞ்சவன் எண்ட தொனி வந்திடும். பரீட்சையில இதை எழுதினால் அந்தக் குறையையும் ஒரு வரி எழுதுங்கோ.

சமூக ஒப்பந்தக்காரர் மூண்டு பேர்

சனம் செய்த ஒரு ஒப்பந்தத்தாலதான் அரசு வந்தது எண்டு சொன்னவை இவை. ஹொப்ஸ், லொக், ரூசோ எண்டு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யிற பழக்கத்தை விடுங்கோ. மூண்டு பேருக்கும் வேற வேற பயம். ஹொப்ஸ் எழுதினது 1651, அதுக்கு ரெண்டு வருசம் முதல் இங்கிலாந்தில ராசாவின்ர தலையை வெட்டிப்போட்டினம், உள்நாட்டு யுத்தத்தைப் பாத்த மனுசன், ஒருத்தரும் ஆளாத நாடுதான் அவருக்குப் பெரிய பயம், அதால எல்லா உரிமையையும் ஒரு கையில குடுங்கோ எண்டார். லொக் எழுதினது வெளிவந்தது 1689, அதுக்கு முந்தின வருசம்தான் ராசாவை ஓட விட்டிருந்தினம், அவற்ற பயம் ஆளுறவன் மேல, அதால உயிர், சுதந்திரம், சொத்து இதுகளைக் காப்பாத்தாத ஆட்சியை மாத்தலாம் எண்டார். ரூசோ 1762. அவருக்கு ஏற்றத்தாழ்வும், சனத்துக்குப் பதிலா வேற ஆக்கள் முடிவெடுக்கிறதும்தான் பயம், ஆங்கிலேயர் தேர்தல் நாளில மட்டும்தான் சுதந்திரமானவை எண்டு நக்கலடிச்சவர்.

யுத்த காலத்தில கொழும்பில இருந்த எங்கட பெரிய ஆக்களிட்ட கேட்டுப்பாருங்கோ, செக்பொயின்ற், பொலிஸ் பதிவு, லொட்ஜ் ரவுண்டப் (லொட்ஜுகளைச் சுத்திவளைச்சுத் தேடுறது) எல்லாத்தையும் பாதுகாப்புக்காக எண்டு அரசு நியாயப்படுத்தினது, அது ஹொப்ஸின்ர வாதம். பாதுகாக்க வேண்டிய அரசே என்னைச் சந்தேகிச்சுக் கதவைத் தட்டினால் நான் ஏன் கீழ்ப்படிய வேணும் எண்டது லொக்கின்ர கேள்வி. அம்மா அப்பாவின்ர அனுபவத்தை வைச்சே ரெண்டு பேரையும் ஒப்பிடலாம்.

இறைமையும் வலுவேறாக்கமும்: 2018இன்ர அந்த ஏழு கிழமை

மொன்டெஸ்கியூ 1748இல சொன்னது தெரியும், சட்டம் ஆக்கிறவை, நடத்திறவை, தீர்ப்புச் சொல்றவை ஒரே கையா இருந்தால் சுதந்திரம் இல்லை, அந்த மூண்டையும் பிரிச்சு வைக்கிறதுதான் வலுவேறாக்கம். இப்ப உங்கட அரசியலமைப்புப் பிரதியில 3ஆம், 4ஆம் உறுப்புரையை எடுங்கோ. இறைமை மக்களிட்ட, அது பாராதீனப்படுத்த முடியாதது, அதாவது வேற ஆருக்கும் கைமாத்த ஏலாதது எண்டு 3 சொல்லும். 4 அந்த இறைமையைப் பிரயோகிக்கிறது ஆர் எண்டு பிரிக்கும். அதில நீதி அதிகாரத்தைப் பற்றின பகுதியை ரெண்டு தரம் வாசியுங்கோ, பாராளுமன்றம் நீதிமன்றங்களுக்கூடாக பிரயோகிக்கும் எண்ட மாதிரித்தான் இருக்கும். நீதித்துறை முழுசா தனிக் கையோ எண்ட வாதம் அந்த வரியிலதான் தொடங்குது.

உடைஞ்ச நாள் 2018 ஒக்டோபர் 26. அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால, பிரதமரா இருந்த ரணிலை நீக்கிப்போட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்காது எண்டு தெரிஞ்ச உடன நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைச்சார். அப்ப நடைமுறையில இருந்த 19ஆம் திருத்தப்படி நாலரை வருசம் முடிய முதல் கலைக்கிறதெண்டால் பாராளுமன்றமே மூண்டில ரெண்டால தீர்மானம் போட்டுக் கேட்டிருக்க வேணும். நவம்பர் 13 உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அதே கிழமை பாராளுமன்றத்துக்குள்ள மிளகாய்த்தூள் எல்லாம் எறிஞ்சினம், பிறகு டிசம்பர் 13 ஏழு நீதியரசர்மாரும் ஒருமனதா கலைச்சது பிழை எண்டு தீர்ப்புச் சொல்லிச்சினம். 16ஆம் திகதி ரணில் திரும்பப் பிரதமர்.

இந்த ஏழு கிழமையையும் ஒரு தாளில நாள்வாரியா எழுதி, ஒவ்வொரு நாளுக்குப் பக்கத்திலயும் எந்தத் துறை எந்தத் துறையைத் தடுத்தது எண்டு எழுதுங்கோ. தடைகளும் சமன்பாடுகளும், சட்டவாட்சி, அரசியலமைப்பின் மேலாண்மை, மூண்டும் அந்த ஒரு தாளில இருக்கும். அதோட 2013 ஜனவரியையும் சேர்த்து எழுதுங்கோ, பாராளுமன்றம் பிரதம நீதியரசரைக் குற்றப்பிரேரணையால வீட்டுக்கு அனுப்பின மாசம் அது. ஒரு தரம் நீதிமன்றம் நிண்டு பிடிச்சது, மற்றத் தரம் ஏலாமப்போச்சு. ஏன் எண்ட கேள்விக்கு மொன்டெஸ்கியூ போதாது, ஆர் கையில எத்தனை ஆசனம் இருந்தது எண்டும் பாக்க வேணும். அது அடுத்த விசயம்.

தேர்தல் முறை: கல்குலேட்டரை எடுங்கோ

இதை வசனமா படிச்சால் விளங்கவே விளங்காது, கணக்குச் செய்ய வேணும்.

முதல் பழைய முறை, ஒரு தொகுதி, கூட வாக்கு எடுத்தவர் வெற்றி. 1970இல ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 38 வீதம் வாக்கு, 17 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு 37 வீதம், 91 ஆசனம். திரும்ப வாசியுங்கோ, அச்சுப் பிழை இல்லை. (சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோட கூட்டு வைச்சு எல்லா இடத்திலயும் ஆள் நிறுத்தேல்ல, அதையும் கணக்கில எடுக்க வேணும்.) 1977இல சக்கரம் மற்றப் பக்கம் சுத்தினது, ஐ.தே.க.வுக்கு 51 வீதம் அளவில, 168இல 140 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு 30 வீதம் அளவில, வெறும் 8. வடக்கு கிழக்கில மட்டும் கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். டுவர்ஜே எண்ட பிரெஞ்சுக்காரர் 1951இல சொன்னார், இப்பிடியான முறை ரெண்டு கட்சியைத்தான் வளர்க்கும் எண்டு. 1977 அவருக்கு ஒரு திருத்தம் குடுக்குது, ஒரே இடத்தில குவிஞ்ச வாக்கு இருந்தால் சின்னக் கட்சியும் தப்பும், சிதறின வாக்கு இருந்தால் பெரிய கட்சியும் மண் கவ்வும்.

இப்ப 1978க்குப் பிறகு வந்த விகிதாசாரம். பாராளுமன்றத்தில 225 பேர், 22 மாவட்டத்தில இருந்து 196, தேசியப் பட்டியலில 29. ஒரு கற்பனை மாவட்டம் எடுப்பம், 7 ஆசனம், செல்லுபடியான வாக்கு 100,000. அ கட்சி 60,000, ஆ 25,000, இ 11,000, ஈ 4,000. முதல் வேலை, 5 வீதத்துக்குக் கீழ எடுத்த ஈயை வெட்டுங்கோ, மிச்சம் 96,000. ரெண்டாவது, முதலாவதா வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், அ கட்சிக்கு 1. மிச்சம் 6 ஆசனம். 96,000ஐ 6ஆல பிரிச்சால் 16,000, இதுதான் ஒரு ஆசனத்தின்ர விலை. அ கட்சி 48,000 குடுத்து 3 வாங்குது, மிச்சம் 12,000. ஆ 1 வாங்குது, மிச்சம் 9,000. இ ஒண்டும் வாங்கேலாது, 11,000 அப்பிடியே கையில. இன்னும் 2 ஆசனம் கிடக்கு, கூட மிச்சம் உள்ளவைக்கு, அதால அ கட்சிக்கு 1, இ கட்சிக்கு 1. முடிவு அ 5, ஆ 1, இ 1. அறுபது வீத வாக்குக்கு எழுபத்தொரு வீத ஆசனம், 25,000க்கும் ஒண்டு, 11,000க்கும் ஒண்டு.

இதை நீங்களே ரெண்டு மூண்டு மாவட்டத்துக்கு உண்மையான முடிவை வைச்சுச் செய்து பாத்தால் 2024 நவம்பர் உங்களுக்கு அதிசயமா தெரியாது. தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீதம், 159 ஆசனம். 22இல 21 மாவட்டத்தில முதலிடம், மட்டக்களப்பில மட்டும் தமிழரசுக் கட்சி, அப்ப 21 போனஸ் ஒரே பக்கம். விகிதாசாரத்தில தனிக் கட்சிக்கு மூண்டில ரெண்டு வரவே வராது எண்டு வருசக்கணக்கா படிப்பிச்ச நோட்ஸ் எல்லாம் அந்த இரவோட பழசாப்போச்சு. இன்னும் அந்த வரி இருக்கிற ரியூட் கையில இருந்தால் வெட்டி விடுங்கோ.

ஜனாதிபதித் தேர்தலில 1, 2, 3 எண்டு விருப்பு போடுறது வேற விசயம், பாராளுமன்ற விருப்பு வாக்கோட குழப்பாதீங்கோ. முதலாவதில ஒரு கட்சிக்காரரைத் தாண்டி அடுத்த ஆளுக்கு உங்கட வாக்கு போகலாம், ரெண்டாவதில கட்சிக்குள்ள ஆர் போறது எண்டு தெரிவு. 2024 செப்டெம்பரில தேசிய மக்கள் சக்தியின்ர அனுரவுக்கு 42 வீதம் சொச்சம்தான், 50 தாண்டேல்ல, அதால இலங்கை வரலாற்றில முதல் தடவையா ரெண்டாவது விருப்பு எண்ணினவை.

தேசமும் ஒற்றையாட்சியும்

அரசுக்குள்ள இருக்கிற எல்லாரும் அந்த நாட்டின்ர மக்களோ? சும்மா கேள்வி இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில பெரும்பான்மையானவையை நாடற்றவை ஆக்கினது. இந்த நிலத்தில பிறந்து, இந்த நிலத்தில தேயிலை பறிச்சு, இந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிஞ்சவை, ஆனா மக்கள் எண்ட மூலக்கூறுக்குள்ள இல்லை. சோல்பரி யாப்பின்ர 29(2)ஆம் பிரிவு சிறுபான்மைக்குக் காவல் எண்டு எழுதியிருப்பினம், அதைக் கொண்டு வழக்குப் போட்டு 1953இல பிரிவிக் கவுன்சில் (லண்டனில இருந்த, அப்பத்தைய உச்ச மேன்முறையீட்டு மன்றம்) வரைக்கும் போய் தோத்தது. 1964இல இலங்கை, இந்தியப் பிரதமர்மார் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரை ரெண்டு நாடும் பங்கு பிரிச்சது, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இங்க, மிச்சம் 150,000 பிறகு பாப்பம். அந்த ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. ஜனநாயகம் இருந்தும் இது நடந்ததெண்டால், பெரும்பான்மையின்ர கொடுங்கோன்மை எண்டு தொக்வில் எண்ட பிரெஞ்சுச் சிந்தனையாளர் 19ஆம் நூற்றாண்டில பயந்தது என்ன எண்டு விளங்கும்.

கொல்வின் ஆர். டி சில்வாவையும் படியுங்கோ. 1956இல தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிரா, ஒரு மொழி எண்டால் ரெண்டு நாடு, ரெண்டு மொழி எண்டால் ஒரு நாடு எண்டு பேசின இடதுசாரி. அவரே அமைச்சரா இருந்து முன்னால நிண்டு கொண்டுவந்த 1972 யாப்பில 29(2) இல்லை, ஒற்றையாட்சி எழுத்தில வந்தது, சிங்களம் அரச கரும மொழியா யாப்பிலயே ஏறினது. கொள்கையும் கூட்டணிக் கணக்கும் மோதினால் எது வெல்லும் எண்டு கேள்வி வந்தால் நான் இவரைத்தான் எழுதுவன்.

சமஷ்டி (கூட்டாட்சி) எண்ட உடன தமிழற்ற கோரிக்கை எண்டு எழுதாதீங்கோ. 1926இல எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சமஷ்டி வேணும் எண்டு எழுதினவர், 1927இல டொனமூர் ஆணைக்குழுவிட்ட கண்டிச் சிங்களவர் கேட்டவை. தமிழரசுக் கட்சி தொடங்கினது 1949 டிசம்பர், அதுவும் யாழ்ப்பாணத்தில இல்லை, இங்க மருதானையில. சமஷ்டி கேக்கிறது பிரிவினை இல்லை எண்டு 2017இல உயர் நீதிமன்றமே சொல்லியாச்சு. வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு கேள்வி போதும், மத்திய அரசு தனிய நிண்டு அந்த அதிகாரத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ? ஏலாதெண்டால் சமஷ்டி. ஏலுமெண்டால் என்ன பேர் வைச்சாலும் ஒற்றையாட்சிக்குள்ள பகிர்வு. பிரதேச செயலகம் அதுகூட இல்லை, மத்திய அரசின்ர கந்தோர் உங்கட ஊருக்குக் கிட்ட வந்திருக்கு, அவ்வளவுதான்.

மிச்சக் கோட்பாடுகள், சுருக்கமா

ஈஸ்டன்ர முறைமைக் கோட்பாடு சொல்றது, சனத்தின்ர கோரிக்கை உள்ளீடா போகும், அரசின்ர முடிவு வெளியீடா வரும், அதுக்கு சனம் காட்டுற எதிர்வினை பின்னூட்டலா திரும்பப் போகும் எண்டு. அதுக்குப் படம் கீறி அம்புக்குறி போட்டு நேரத்தை வீணாக்காதீங்கோ. 2021ஐப் போடுங்கோ. மே மாசம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, அது வெளியீடு. விவசாயிகள் தெருவில, அது பின்னூட்டல். நவம்பரில தடையைத் தளர்த்தினது, ஆனா பிந்திப்போச்சு. பின்னூட்டல் பிந்தினால் முறைமைக்கு என்ன நடக்கும் எண்டதுக்கு அடுத்த வருசமே விடை.

மாக்சியம், தாராண்மைவாதம் (லிபரலிசம்) ரெண்டையும் 2022 எண்ட ஒரே சம்பவத்தில பூட்டிப் பாக்கலாம். தாராண்மைவாதி சொல்லுவார் நிறைவேற்று ஜனாதிபதிட கையில அதிகாரம் குவிஞ்சது, தடுக்க நிறுவனம் இல்லை. மாக்சியவாதி சொல்லுவார் கடனைப் பாருங்கோ, ஏப்பிரல் 12 கடன் கட்டுறதை நிறுத்தினம் எண்டு அறிவிச்சது ஆர்ட செலவில, கியூவில நிண்டது எந்த வர்க்கம். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல. என்ர அபிப்பிராயத்தில எங்கட ரியூட்களில மாக்சியம் மட்டும் நீளமா இருக்கும், பெண்ணியம் ரெண்டு வரியில முடியும். 1931இல சர்வசன வாக்குரிமை வந்தபோது பெண்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது, பிரித்தானியாவில சம வாக்குரிமை வந்து மூண்டே மூண்டு வருசத்தில. உலகத்தின்ர முதல் பெண் பிரதமர் 1960இல எங்கட நாட்டில. இவ்வளவும் இருந்தும் பாராளுமன்றத்தில பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு எண்ட கேள்வியை நீங்களாவது எழுதுங்கோ.

விடை எழுதுற முறை

வரைவிலக்கணத்துக்கு ரெண்டு வரிக்கு மேல குடுக்காதீங்கோ. அடுத்த வரியில அதைச் சொன்னவர் ஆருக்கு எதிராச் சொன்னவர் எண்டு எழுதுங்கோ. பிறகு சம்பவம், திகதியோட, திகதி சரியா தெரியாட்டி வருசம் மட்டும், அதுவும் தெரியாட்டி அந்தச் சம்பவத்தையே விட்டுப்போட்டு வேற எடுங்கோ, பிழையான வருசம் திருத்திறவருக்கு உடன கண்ணில குத்தும். கடைசியா அந்தக் கோட்பாடு எதை விளக்கேல்ல எண்டு ஒரு பந்தி. கனபேர் இந்தக் கடைசிப் பந்தியை எழுதிறதே இல்லை, அதால எழுதினவற்ற பேப்பர் தனியாத் தெரியும். கட்சிப் பாசத்தை வீட்டில வைச்சிட்டு வாங்கோ, ஒரு கட்சியைத் திட்டி எழுதின விடை வாசிக்க நல்லா இருக்கும், புள்ளி வராது.

கொப்பியில இடப்பக்கம் எண்ணக்கரு, வலப்பக்கம் உடைஞ்ச நாள் எண்டு எழுதி வாங்கோ. வலப்பக்கம் வெறுமையா கிடக்கிற எண்ணக்கருதான் உங்களுக்கு இன்னும் விளங்காதது, அதை அடுத்த கிளாசில சேரிட்டக் கேளுங்கோ. முதல்ல புளூரலிசத்தில, அதுதான் அதிகாரம் ஒரு கையில இல்லாம பல குழுக்களிட்ட பரவியிருக்கு எண்ட பன்மைவாதத்தில, தொடங்குங்கோ, எனக்குத் தெரிஞ்சு கூட வெறுமையா கிடக்கிறது அந்த வரிதான்.